சயாம் ரயில் பற்றிய நாவலை 100 நிமிட நாடகமாக்குதல்: எதை வெட்டுவது, எதை மேடையில் காட்டுவது?

லயத்துவாசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியன்மார்) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றிய நாவல் ஒன்றை மேடையேற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. 380 பக்கம். கதை 1941 கடைசியில் தோட்டத்தில் தொடங்கி, 1946-ல் சிங்கப்பூரில் முடிகிறது. மேடையேற்றுவது சிங்கப்பூரில். அரங்கு சிறியது: பிளாக் பாக்ஸ் (கறுப்புச் சுவர் கொண்ட வெற்று அறை), மூன்று பக்கமும் பார்வையாளர்கள், 120 இருக்கை. நடிகர்கள் எட்டுப் பேர், இடைவேளை கிடையாது, மொத்தம் 100 நிமிடம்.

முதல் வரைவு 160 நிமிடத்துக்கு நீள்கிறது. படித்தால் நாவலின் சுருக்கம் போலத்தான் இருக்கிறது, நாடகமாக நிற்கவில்லை. நாவலின் பலமே ஆசிரியர் தன் குரலில் சொல்லும் இடங்கள்தான். அதை யார் வாயில் வைப்பது? தண்டவாளம், காடு, வாந்திபேதி, அடி உதை இவற்றை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படிக் காட்டுவது? தோட்டத் தமிழ் இன்றைய இளையர்களுக்குப் புரியுமா? உரிமை, உரிமம் பற்றியும் சொல்லுங்கள்.

---

பிரதிப்பெட்டி:

முதலில் கணக்கு. தமிழ் வசனம் மேடையில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரை போகும். உங்கள் நாடகத்தில் நடை, சுமை, பாட்டு, அமைதி இதற்கெல்லாம் 30 நிமிடம் ஒதுக்கினால் பேச்சுக்கு 70 நிமிடம் மிஞ்சும். அதாவது ஏறத்தாழ 7,000 சொல். பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தாலும் நாவலில் 76,000 சொல் இருக்கிறது. பதினொன்றில் ஒரு பங்குதான் மேடைக்கு வரப்போகிறது. இதை மனம் ஏற்காதவரை ஒவ்வொரு காட்சியிலும் நாலு வரி வெட்டிக்கொண்டே இருப்பீர்கள். 160 நிமிடம் 140 ஆகும், அதற்குக் கீழே இறங்காது. வெட்ட வேண்டியது வரிகளை இல்லை, ஆட்களையும் ஆண்டுகளையும்.

அதற்கு நாவலை மூடி வைத்துவிட்டு அத்தியாயத்துக்கு ஒரு அட்டை எழுதுங்கள். அட்டையில் இரண்டே கேள்வி: இந்த அத்தியாயத்தில் யார் கையால் என்ன செய்கிறார்? யார் யாரிடம் எதை மறைக்கிறார்? இரண்டுக்கும் பதில் இருக்கும் அட்டைகளை ஒரு பக்கம் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால், அந்த அத்தியாயத்தை வேறு காட்சிக்குள் நுழைக்க முடியுமா பாருங்கள். இரண்டுமே இல்லாதவை எவ்வளவு அழகான எழுத்தாக இருந்தாலும் மேடைக்கு வராது. 40 அத்தியாயத்தில் 12 தேறினால் நல்ல விளைச்சல்.

போர் நாவல்களில் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் தொடக்கம். தோட்டம், கல்யாணப் பேச்சு, குண்டு விழுதல், பிரிட்டிஷார் ஓடுதல், ஜப்பான்காரன் வருதல் என்று போனால் ரயில் ஏறுவதற்கே 35 நிமிடம் ஆகிவிடும். சரக்குப் பெட்டிக்குள்ளேயே தொடங்குங்கள். ஒரு பெட்டியில் முப்பது பேர்வரை அடைத்துக்கொண்டு போனார்கள். தரையில் 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் என்று ஒட்டுநாடாவால் கட்டம் போட்டு ஏழு பேரை அதற்குள் நிற்க வையுங்கள். நெருக்கத்தின் அளவு ஏறக்குறைய சரியாக வரும். யார் உட்காருவது, யார் கதவுப்பக்கம் நிற்பது என்ற சண்டையிலேயே யார் கிராணி (தோட்டத்து எழுத்தர்), யார் பால்மரம் வெட்டியவர், யார் யாருக்குச் சொந்தம் எல்லாம் தெரிந்துவிடும். தோட்டம் அவர்கள் பேச்சிலும் பாட்டிலும் வரட்டும்.

அடுத்தது, நாவலில் 'அவன் மனம் கல்லாகிக்கொண்டிருந்தது' என்பது போல வரும் வரிகள். அதை யாரிடமும் வசனமாகக் கொடுக்காதீர்கள். ஒரு தகர மங்கு (சாப்பாட்டுக் கிண்ணம்) எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் காட்சியை மூன்று முறை வையுங்கள், அதே இடம், அதே வரிசை. முதல் முறை நாயகன் தன் மங்கிலிருந்து பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு அள்ளிப் போடுகிறான். இரண்டாம் முறை பெரியவர் பார்க்கிறார், இவன் தாமதமாகப் போடுகிறான். மூன்றாம் முறை முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, விரலால் தகரத்தை வழிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. மூன்றும் சேர்ந்து நான்கு நிமிடம். நாவலில் அது 30 பக்கமாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று, ஆட்கணக்கு. காலையில் வரிசையில் நின்று 'இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி' என்று ஜப்பானிய எண்ணில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வது. நாடகத்தில் இது ஐந்து முறை வரட்டும். ஆள் குறையக் குறைய எண் குறையும். இங்கே எல்லா இயக்குநரும் செய்யும் தவறு, செத்தவன் நின்ற இடத்தில் இடைவெளி விட்டு ஒரு நொடி மௌனம் வைப்பது. அப்படி நடக்காது. வரிசை நெருங்கி நிற்கும், நாலாவது ஆள் போய்விட்டால் ஐந்தாவது ஆள் 'ஷி' என்பான். நேற்றுவரை 'கோ' என்று சொன்ன வாய் இன்று 'ஷி' சொல்லத் தடுமாறி, அதற்கு ஓர் அறை வாங்குவது போதும். இரண்டாவது முறையிலேயே பார்வையாளர்கள் தாங்களாக எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

வசனத்தில் பின்னால் வந்த அறிவு நுழையாமல் பாருங்கள். பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தது, ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டதாக மதிப்பீடு, இதெல்லாம் நமக்குத் தெரியும். கொட்டகையில் படுத்திருந்தவருக்குத் தெரியாது. 'மரண ரயில்' என்ற பெயரும் அவர் வாயில் வரக்கூடாது. அவருக்கு அது 'சயாம் வேலை'. போர் என்றால் 'ஜப்பான்காரன் சண்டை'. தூரத்தைக் கட்டையில் (மைல்) சொல்வார், நிறுவையைக் காத்தியில் (மலாயாவின் பழைய எடை அளவு) சொல்வார். எண்ணிக்கைகளை நிகழ்ச்சிக் கையேட்டில் போடுங்கள்.

---

தப்புச்சத்தம்:

பிரதிப்பெட்டி அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஆசிரியர் குரலை முழுக்கச் செயலாக மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கதை சொல்லியை மேடையில் நிறுத்தத் தமிழுக்குச் சொந்தமாகவே ஒரு வழி இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? கதைக்கு வெளியே நின்று பேசுவான், அடுத்த நொடி காவல்காரனாகக் கதைக்குள் புகுவான், ராஜாவைக் கேள்வி கேட்பான், நேரத்தையும் ஊரையும் ஒரு வரியில் தாண்டுவான். இந்த நாவலுக்கு அவன் பொருத்தமான ஆள்.

கட்டியங்காரன் கெட்டுப்போவது இரண்டு விதத்தில். ஒன்று, செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுவது: '1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ந்தது' என்று அவன் சொன்னால் பள்ளிப் பாடம் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு, எப்போதும் மேடையில் இருப்பது. அவனுக்கு ஆறு நுழைவு, ஒவ்வொன்றும் 90 நொடிக்குள், அதற்கு மேல் வேண்டாம். அவனே தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்தால் ஒவ்வொரு நுழைவுக்கும் காரணம் கிடைக்கும். நடுப்பகுதிக்குப் பிறகு அவனும் வாந்திபேதியில் விழ வேண்டும். அதற்குப் பின் கதையைச் சொல்ல யாரும் இல்லை, மிச்ச 30 நிமிடம் அண்ணன் சொல்வது போலச் செயலால் மட்டும் நடக்கட்டும்.

இசைக்கு ஒரு தப்பு, ஒரு உடுக்கை, இரண்டு தகர மங்கு போதும். பதிவுசெய்த பின்னணி இசை வேண்டவே வேண்டாம். தப்புத் தோல் சூடு ஆறினால் தொய்யும். கூத்தில் நெருப்பில் காய்ச்சுவது போல இங்கே முடியாது. பின்மேடையில் தலைமுடி உலர்த்தியையும் மாற்றுக்கு இன்னொரு தப்பையும் வைத்துக்கொண்டு, இரண்டை மாற்றி மாற்றி வாசியுங்கள். ஃபைபர் தோல் போட்டதை எடுத்தால் தொய்யாது, ஆனால் ஒலி கூர்மையாகி 120 பேர் அரங்கில் காதைக் குத்தும். உள்பக்கம் ஒரு துணித்துண்டு ஒட்டினால் அடங்கும்.

ஒப்பாரி ஒரே ஒரு முறைதான். முதல் சாவுக்கு வைத்தீர்கள் என்றால் ஐந்தாம் சாவுக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நான் வைப்பது கடைசியில், 1946-ல் வீட்டுக்குத் திரும்பியவன் முன்னால், ஒரு பெண், உடல் இல்லாத சாவுக்குப் பாடுவதாக.

---

பின்மேடைத்தம்பி:

தண்டவாளம் போடவே போடாதீர்கள். இரும்பு எடை, சத்தம், மேடைத் தரை கீறல், எல்லாம் தலைவலி. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டை மட்டும் செய்யுங்கள், பத்து போதும்.

அளவு: 1.8 மீட்டர் நீளம், 23 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். இதே அளவு கனமரம் 50 கிலோவை நெருங்கும். 9 மி.மீ. ஒட்டுப்பலகையில் உள்ளே காலியாகச் செய்தால் 7 கிலோதான். பிரச்சினை இங்கேதான்: 7 கிலோவை 50 கிலோ போல நடிக்கச் சொன்னால் முகம்தான் நடிக்கும், இடுப்பும் முழங்காலும் பொய் சொல்லும். மூன்று பக்கமும் பார்வையாளர் இருக்கும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் உள்ளே இரண்டு முனையிலும் 5 கிலோ மணல்பையைப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மொத்தம் 17 கிலோ, இருவர் தூக்க. தோள் உண்மையாகவே இறங்கும், ஆனால் பத்துக் காட்சிக்கும் உடம்பு தாங்கும். மணலை நடுவில் வைத்தால் ஒட்டுப்பலகை வளையும். கட்டாமல் விட்டால் சாய்க்கும்போது மணல் ஓடும் சத்தம் கேட்டுக் காட்சியே கெட்டுவிடும். காலிப் பகுதியை ஸ்பாஞ்சால் அடைக்காவிட்டால் கீழே வைக்கும்போது 'டொம்' என்று பெட்டிச் சத்தம் வரும். அடிப்பக்கம் 3 மி.மீ. ரப்பர் ஒட்டுங்கள். முதல் வாரமே எடையோடு ஒத்திகை பாருங்கள், கடைசி வாரத்தில் எடை ஏற்றினால் இடுப்புப் பிடிக்கும்.

இதே பத்துக் கட்டைகள்தான் படுக்கை, பாலம், பிணம், சாப்பாட்டு மேசை. வேறு தளவாடம் வேண்டியதில்லை.

மூங்கில் எட்டு, 2.4 மீட்டர். பச்சை மூங்கில் வாங்கினால் குளிர்சாதனத்தில் நாலைந்து நாளில் பட்டென்று வெடிக்கும், அதுவும் அமைதியான காட்சியில். பதப்படுத்தி உலர்ந்ததை வாங்கி, ஒவ்வொரு கணுவிலும் 5 மி.மீ. துளை போட்டு, இரு முனையிலும் சணல் கயிறு சுற்றுங்கள். அத்தாப்புக் கூரை ஆசை வேண்டாம். தீத்தடுப்புப் பூச்சு இல்லாத ஓலையை எந்த அரங்கும் உள்ளே விடாது, பூசினால் நிறம் மாறும்.

சாக்கு உடை: புதுக் கோணியைச் சுடுநீரில் இரண்டு முறை அலசி, உள்ளே பழைய பருத்தித் துணி தைக்க வேண்டும். இல்லையென்றால் வியர்வையில் கழுத்தும் அக்குளும் புண்ணாகிவிடும். பழையதாக்க, தோளிலும் தொடையிலும் உப்புத்தாள் தேய்த்து, கட்டித் தேயிலைச் சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். பெயின்ட் அடித்தால் மேடை விளக்கில் மின்னும்.

மழைக்கு, அகல முறத்தில் இரண்டு கைப்பிடி பச்சைப்பயறு. ஒரு ஆள் மெதுவாகச் சாய்த்தால் தூறல், இரண்டு ஆள் வேகமாகச் சாய்த்தால் அடைமழை. சிந்திய பயறு காலடியில் சறுக்கும், அதனால் முறத்தின் விளிம்பில் இரண்டு அங்குலம் துணி தைத்து உயர்த்துங்கள்.

அறை விழும் காட்சி. ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருந்தால் கையை மறைத்துத் தட்டி ஏமாற்றலாம். மூன்று பக்கத்தில் முடியாது, யாரோ ஒரு வரிசைக்குக் கை காற்றில் போவது தெரியும். அடிப்பவர் ஒரு மூலையில் வெறும் காற்றில் கை வீசட்டும், அடி வாங்குபவர் மறு மூலையில் விழட்டும், சத்தத்தை மூன்றாமவர் சிலிப்பர் கட்டையில் தட்டட்டும். மூன்றும் ஒரே நொடியில் நடந்தால் நிஜ அறையைவிட அதிகமாக உறைக்கும். துப்பாக்கி வேண்டாம். போலித் துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவே காவல்துறை அனுமதி வேண்டும். காவலாளி கையில் மூங்கில் கழி இருந்தால் போதும், முகாம்களில் அடித்ததும் பெரும்பாலும் அதனால்தான்.

புகை போடுவதாக இருந்தால் அரங்கத்தாரிடம் தொழில்நுட்பப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். புகை உணர்கருவியை அவர்கள்தான் நிறுத்தி வைக்க வேண்டும். சொல்லாமல் போட்டால் நடு நாடகத்தில் எச்சரிக்கை மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள்.

---

லயத்துவாசல்:

மூவருக்கும் மிக்க நன்றி. மங்குக் காட்சியும் ஆட்கணக்கும் வரைவையே மாற்றிவிட்டன. இரண்டு சந்தேகம் பாக்கி. ஜப்பானியப் பாத்திரங்களைத் தமிழ் நடிகர்களே செய்யலாமா, என்ன மொழியில் பேசுவது? காட்சி நேரத்தை விளக்கில் எப்படிக் காட்டுவது? நாவலில் 'காலை எட்டு மணிக்கு இருட்டில் எழுப்பினார்கள்' என்று வருகிறது, அச்சுப்பிழையோ என்று குழம்புகிறோம்.

---

விளக்குமாடம்:

அச்சுப்பிழை இல்லை. ஜப்பானியர் பிடித்த இடமெல்லாம் தோக்கியோ மணியை வைத்தார்கள். மலாயாவில் அதுவரை இருந்த மணியைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல், சயாமில் இரண்டு மணி நேரம் கூடுதல். முகாம் கடிகாரத்தில் எட்டு என்றால் சூரியக் கணக்கில் ஆறுதான், காட்டுக்குள் அப்போதுதான் வெளுக்கும். ஏழு மணி ஆட்கணக்கு முழு இருட்டு. வசனத்தில் 'ஜப்பான் மணி எட்டு' என்று ஒரு முறை சொல்லவைத்தால் போதும். அந்தக் காட்சிக்கு மேல்விளக்கு வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும், தாழ்வாக, இளநீலம். நடிகர்கள் எண் சொல்லச் சொல்ல அதே பக்கத்தில் மஞ்சள் மெல்ல ஏறட்டும், மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு. அரிக்கன் விளக்குக்குள் தீ கூடாது, பேட்டரி பல்பு வையுங்கள்.

காவலாளி யார் செய்தாலும் சரி, ஆனால் முகத்துக்கு எந்த மாற்றமும் செய்யாதீர்கள், கொச்சை உச்சரிப்பில் தமிழ் பேசவும் வைக்காதீர்கள். தொப்பி ஒன்று போதும், யார் அணிகிறாரோ அவர் காவலாளி. காவலர்களில் கொரியர்களும் நிறைய, அவர்களும் மேலதிகாரியிடம் அறை வாங்கியவர்கள். அதை ஒரே ஒரு முறை காட்டினால் முகாமின் படிவரிசை முழுக்கத் தெரியும். ஆணைகள் ஜப்பானியத்திலேயே, மொழிபெயர்க்காமல் இருக்கட்டும். புரியாத ஆணைக்குத்தான் அவர்கள் அடி வாங்கினார்கள், பார்வையாளருக்கும் அது புரியாமல் இருப்பதே சரி. உச்சரிப்பை மொழி தெரிந்தவரிடம் ஒலிப்பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

---

கையெழுத்துப்பிரதி:

உரிமை: சிங்கப்பூரில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. மலேசியாவில் 50, இந்தியாவில் 60. அங்கே முடிந்திருந்தாலும் இங்கே வாரிசுகளிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பதிப்பகத்தின் கடிதம் மட்டும் போதாது, நாடகமாக்கும் உரிமை பெரும்பாலும் குடும்பத்திடம்தான் இருக்கும். கடிதத்தில் எத்தனை முறை மேடையேற்றுவது, ஆங்கிலத் திரைவரி, ஒளிப்பதிவு, பள்ளிகளுக்குக் கொண்டுபோவது, பாத்திரங்களை இணைக்கவும் முடிவை மாற்றவும் சம்மதம் என எல்லாம் பெயர் சொல்லி இருக்கட்டும். கடைசி இரண்டும் இல்லாமல் போனால் முதல் காட்சிக்குப் பிறகுதான் மனத்தாங்கல் வரும்.

உரிமம்: தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்கு முழுப் பிரதியும் போக வேண்டும். சித்திரவதைக் காட்சிகள், ஜப்பானியக் கொடி எல்லாவற்றையும் மேடைக் குறிப்பாக எழுதியே அனுப்புங்கள். பிரதியில் இல்லாதது ஒத்திகையில் சேர்ந்தால் திரும்ப அனுப்ப வேண்டிவரும்.

தோட்டத் தமிழ்: பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), மங்கு, கிராணி, மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எதையும் மாற்றாதீர்கள். சொல் வரும்போது அந்தப் பொருளோ செயலோ மேடையில் இருந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். பேச்சின் ஓட்டத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். ஜப்பானிய ஆட்சிக் காலம் பற்றிய திட்டம் 1981-ல் தொடங்கியது, தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் உண்டு. வயதானவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல்லில் நிறுத்துகிறார்கள் என்பதை நடிகர்கள் காதால் வாங்கட்டும்.

ஆங்கிலத் திரைவரியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். 'உன் தம்பியை நேத்து ராத்திரி ஆத்தோரமா கொண்டுபோய்...' என்று நடிகர் இழுத்து நிறுத்தி, பிறகு 'பொதச்சிட்டோம்' என்கிறார். ஆங்கில வரி முழுசாக விழுந்தால், அதைப் படிப்பவர்கள் அந்த நிறுத்தத்துக்கு முன்பே பெருமூச்சு விடுவார்கள், நடிகரின் மௌனம் செத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் வரியை இரண்டாக உடைத்து, இரண்டாவதை வினைச்சொல்லோடு சேர்த்துத் தள்ளுங்கள். பொத்தானை அழுத்துபவர் தமிழ் தெரிந்தவராகவும், கடைசி இரண்டு வார ஒத்திகைக்கு வந்தவராகவும் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆட்கணக்குக்கும் ஜப்பானிய ஆணைக்கும் திரை காலியாக இருக்கட்டும், ஒப்பாரிக்கு முதல் இரண்டு அடியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

மூன்று பக்க அரங்கில் ஒரு திரை போதாது. இரண்டு வையுங்கள், எதிரெதிர் மூலையில், நடிகர் தலைக்கு ஒரு முழம் மேலே. இன்னும் உயர்த்தினால் கண் மேலும் கீழுமாக அலைந்து, அந்த 17 கிலோக் கட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள்.